காற்று தந்த மணமும் கை சேர்த்த மணமும்

தேயிலைக் கடையிலே இரண்டு பொட்டலங்கள் அருகருகே இருக்கின்றன. ஒன்றின் மேல் ஊவா என்ற பெயர் மட்டும் அச்சிடப்பட்டிருக்கிறது. மற்றொன்றின் மேல் எலுமிச்சையோ, கறுவாவோ, ஏதேனுமொரு மேனாட்டுப் பழமோ வண்ணப்படமாக விளங்குகிறது. இரண்டிலும் உள்ளது தேயிலையே. இரண்டும் மணம் தருவனவே. ஆயினும் முன்னதன் மணம் மலையிலே பிறந்தது. பின்னதன் மணம் ஆலையிலே சேர்க்கப்பட்டது. வாங்குவோர் எதனைத் தெரிந்தெடுப்பது? நாவின் விருப்பத்தைப் பொறுத்த சிறு விஷயம் போல இது தோன்றலாம். ஆனால் இவ்வினாவுக்குப் பின்னால் ஒன்றரை நூற்றாண்டுச் சரித்திரம் இருக்கிறது. அச்சரித்திரத்தின் முக்கியமான அத்தியாயங்கள் அப்புத்தளை மலைத்தொடரைச் சுற்றியே எழுதப்பட்டன.

அப்புத்தளை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,430 மீற்றர் உயரத்தில், கத்தி முனை போன்ற ஒரு மலைமுகட்டின் மீது அமைந்த சிறு பட்டினம். ஊரின் ஒரு பக்கத்தில் நின்று பார்த்தால் தெற்கே சமவெளி விரிந்து கிடக்கும். மறுபக்கம் திரும்பினால் பண்டாரவளை, வெலிமடை, பதுளை என ஊவாவின் மலைகளும் பள்ளத்தாக்குகளும் தோன்றும். இந்த அமைப்பிலேயே ஊவாத் தேயிலையின் இரகசியம் அடங்கியுள்ளது. வைகாசி தொடங்கி வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, கடலிலிருந்து அள்ளி வந்த நீரையெல்லாம் ஹற்றன், திம்புள்ளை, நுவரெலியா ஆகிய மேற்குச் சரிவுகளில் மழையாகக் கொட்டிவிடுகிறது. மலைத்தொடரைக் கடந்து ஊவாவில் இறங்கும்போது அதே காற்று ஈரமற்ற வறண்ட காற்றாக மாறிவிடுகிறது. இலங்கைத் தமிழர் இதனைக் கச்சான் என்பர். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியின் பொருளை ஊவாத் தோட்டங்களில் வாழ்வோருக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. ஆடி, ஆவணி மாதங்களில் தகரக் கூரைகள் இரவெல்லாம் அதிர்ந்துகொண்டிருக்கும்; மண் வெடிக்கும்; ஓடைகள் வற்றும். மேற்குமலை மழையில் நனைந்துகொண்டிருக்கும் அதே நாட்களில் கிழக்குமலை காய்ந்துகொண்டிருக்கும்.

தேயிலை வருவதற்கு முன் இம்மலைகளில் கோப்பி பயிரிடப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் மலைநாடு கோப்பி நாடாகவே விளங்கியது. தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர் கடல்கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாக மாத்தளைக்கு வந்து, அங்கிருந்து மலைகளுக்குப் பிரிந்து சென்றனர். பசியாலும் கொள்ளை நோயாலும் வழியிலே மாண்டவர் பலர். கோப்பிக்கு அறுவடைக் காலத்திலேதான் ஆட்கள் மிகுதியாக வேண்டும். ஆதலின் பழம் பறித்து முடிந்ததும் பலர் ஊருக்குத் திரும்புவதும், மறு ஆண்டு மீண்டும் வருவதும் வழக்கமாக இருந்தது.

1869 ஆம் ஆண்டில் அந்தக் கோப்பிக்கு ஆபத்து வந்தது. ஊவாவைச் சேர்ந்த மடுல்சீமைப் பகுதியிலே கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் மஞ்சள் கலந்த செந்தூள் படிந்திருப்பதைத் தோட்டக்காரர் கண்டனர். முதலில் அதனைச் சிறு நோயென்றே எண்ணினர். பதினைந்து ஆண்டுகளுக்குள் அந்தத் துருநோய் மலைநாட்டுக் கோப்பியை ஏறக்குறைய முற்றாக அழித்துவிட்டது. 1880 ஆம் ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்ட மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியல் அறிஞர் இந்நோயை ஆராய்ந்தார். நோயின் வித்துத்தூள் காற்றிலே மிதந்து பரவுகிறது என்பதை அவர் காட்டினார். கோப்பியைக் கொல்லும் நோயைச் சுமந்து திரிந்தது காற்று. அதன் இடத்தில் வந்த பயிருக்குப் புகழைக் கொண்டு வந்ததும் காற்றே என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

தேயிலையை வியாபார அளவில் முதலிற் பயிரிட்டவர் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் டெய்லர். கண்டிக்கு அருகேயுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867 ஆம் ஆண்டில் 19 ஏக்கர் நிலத்தில் அவர் தேயிலை நட்டார். கோப்பி வீழ்ந்தபோது தோட்டத் துரைமார் அவர் காட்டிய வழியைப் பின்பற்றினர். 1883 ஆம் ஆண்டு யூலை 30 ஆந் திகதி கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் நடைபெற்றது. 1886 ஆம் ஆண்டில் ஊவா தனி மாகாணமாகி, பதுளை அதன் தலைநகராயிற்று. கோப்பி போலன்றித் தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தரும்; வாரம் தவறாமல் பறிக்கப்படவேண்டும். எனவே வந்துபோகும் தொழிலாளர் போதாதாயினர். குடும்பத்தோடு தங்குவோர் தேவைப்பட்டனர். லயங்கள் எழுந்தன. மலைநாட்டுத் தமிழ்ச் சமுதாயம் இம்மண்ணில் நிலையாக வேரூன்றியது தேயிலையோடுதான்.

1890 ஆம் ஆண்டில் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்தார். இவருடைய பெற்றோர் அயர்லாந்தைச் சேர்ந்தவர்கள். வறுமை துரத்த அந்நாட்டை விட்டு ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரிற் குடியேறியவர்கள். அங்கே பிறந்த லிப்டன் 1871 ஆம் ஆண்டில் ஒரு சிறு மளிகைக் கடையைத் திறந்தார். வெண்ணெயும் முட்டையும் பன்றியிறைச்சியும் விற்று, இருபது ஆண்டுகளுக்குள் பிரித்தானியா எங்கும் ஏறக்குறைய 300 கடைகளுக்கு உடைமையாளரானார். இடைத்தரகரை நீக்கிப் பொருளைப் பிறக்குமிடத்திலேயே வாங்கவேண்டும் என்பதே அவருடைய வியாபாரக் கொள்கை. கோப்பியின் வீழ்ச்சியால் நிலம் மலிவாகக் கிடைத்த காலம் அது. அவர் அப்புத்தளைப் பகுதியிலே தம்பேதன்னை உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். தம்பேதன்னையில் அவர் எழுப்பிய தொழிற்சாலை இன்றும் நிற்கிறது. அதற்கு மேலே, அவர் அமர்ந்து தம் தோட்டங்களை நோக்கியதாகச் சொல்லப்படும் மலையுச்சி, லிப்டன் இருக்கை என்ற பெயரால் உல்லாசப் பிரயாணிகளை ஈர்த்து வருகிறது.

அக்காலத்தில் பிரித்தானியாவிலே தேயிலை பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்து விற்கப்பட்டது. ஓர் இறாத்தல் இரண்டு, மூன்று சிலிங் விலை போயிற்று. நிறையிலும் தரத்திலும் ஏமாற்று மிகுதி. லிப்டன் தேயிலையைச் சிறு பொட்டலங்களில் அடைத்து, நிறையை உறுதிசெய்து, இறாத்தல் 1 சிலிங் 7 பென்சுக்கு விற்றார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கூசாவுக்கு வருகிறது என்று விளம்பரம் செய்தார். ஏழைத் தொழிலாளியின் வீட்டிலும் தேநீர் நாள்தோறும் பருகும் பானமாயிற்று. இது அவர் செய்த பெரும் காரியம் என்பதில் ஐயமில்லை.

எனினும் அந்தப் பொட்டலத்துக்குள்ளே இருந்தது ஒரு தோட்டத்தின் தேயிலையன்று. பல தோட்டங்களின் கலவை. ஒவ்வொரு நகரத்துத் தண்ணீருக்கும் ஏற்றவாறு தனித்தனிக் கலவையைத் தயாரித்ததே தம்முடைய சாதுரியம் என்று லிப்டன் பெருமை கொண்டார். கலவைக்காரர் விரும்புவது ஆண்டு முழுவதும் மாறாத ஒரே சுவை. ஆடியில் ஒரு சுவை, மார்கழியில் ஒரு சுவை என்று பொட்டலம் மாறினால் வாடிக்கைக்காரர் குழம்புவர். ஆகவே காற்றுக்கால ஊவாத் தேயிலை, ஏனைய தேயிலைக்கு உயிரூட்டும் பொருளாகச் சிறிது சிறிதாகக் கலவையில் சேர்க்கப்பட்டது. சமையலிற் பெருங்காயம் செய்யும் வேலையைக் கலவையில் ஊவா செய்தது. பெருங்காயத்தின் மணத்தை எல்லோரும் உணர்வர்; அதன் பெயரை எவரும் சொல்லமாட்டார். அப்புத்தளை மலையை உலகத்துக்குக் கொண்டு சென்ற மனிதரின் பொட்டலத்திலேயே அப்புத்தளையின் பெயர் கரைந்து போயிற்று.

தேயிலைக்கு நாள்பட நாள்பட மணம் குறையும். ஈரம் பட்டாற் கெடும். ஆதலின் மலையிலிருந்து துறைமுகத்துக்கு விரைவாகச் செல்வது அதற்கு இன்றியமையாதது. மாட்டுவண்டிகள் வளைந்து வளைந்து மலையிறங்கிய காலத்திலே இது பெருங்கஷ்டமாக இருந்தது. 1893 ஆம் ஆண்டில் புகையிரதம் அப்புத்தளையை அடைந்தது. அடுத்த ஆண்டு பண்டாரவளைக்கும், பின்னர் 1924 ஆம் ஆண்டில் பதுளைக்கும் சென்றது. ஈயத்தகடு உட்புறம் ஒட்டப்பட்ட மரப்பெட்டிகளில் ஊவாத் தேயிலை மணம் குன்றாமல் கொழும்பை அடைய வழி பிறந்தது.

இனி, ஊவாவின் மணம் எவ்வாறு பிறக்கிறது என்பதைக் காண்போம். கச்சான் வீசும் காலத்தில் தேயிலைச் செடி நீரின்றி வருந்துகிறது. கொழுந்து மெல்ல வளர்கிறது, இலை சிறுக்கிறது. அவ்வாறு வருந்தும் செடி தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சியில் சில நறுமணப் பொருள்களைத் தன் இலையிலே தேக்கிக்கொள்கிறது. அவற்றுள் முக்கியமானது மெதைல் சாலிசிலேற்று என்பது. இப்பெயர் புதிதாகத் தோன்றினும் பொருள் நமக்குப் புதியதன்று. தசைநோவுக்குப் பூசும் தைலங்களில் மூக்கைத் துளைத்து வரும் குளிர்ந்த வாசனை இதனுடையதே. நல்ல ஊவாத் தேயிலையை முதன்முறை பருகுவோர், இதிலே யாரோ தைலம் கலந்துவிட்டார்களோ என்று ஐயுறுவதுண்டு. கலந்தது காற்று.

ஆனால் காற்று மட்டும் இதனைச் செய்துவிடவில்லை. பச்சைக் கொழுந்து ஏறக்குறைய நாலரைக் கிலோ இருந்தாற்றான் ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். காற்றுக்காலத்தில் தோட்டத்து ஸ்டோரில் வேலை முறையே மாறிவிடுகிறது. கொழுந்தை வழக்கத்திலும் மிகுதியாக வாட்டுகின்றனர். அரைத்த பின் புளிக்கவிடும் நேரத்தைக் குறைக்கின்றனர். சிறிது நேரம் தவறினால் நிறமும் கடுப்பும் மிகும், மணம் ஓடிவிடும். டீமேக்கரின் கண்ணும் மூக்குமே அங்கே அளவுகோல். இடையில் இரண்டு நாள் மழை பெய்தாலும் மணம் மங்கிவிடுகிறது. சில ஆண்டுகளில் சிறந்த தேயிலை மிகச் சில வாரங்களுக்கே கிடைக்கிறது. யப்பானியரும் ஜேர்மனியரும் இதனை நாடி விலை கொடுத்து வாங்கி வந்துள்ளனர். சீனத்துக் கீமன், இந்தியாவின் டார்ஜிலிங், இலங்கையின் ஊவா ஆகிய மூன்றையும் உலகின் தலைசிறந்த தேயிலைகளென ஒருசேர வைத்துப் பேசுவது யப்பானில் வழக்கம்.

மணம் சேர்த்த தேயிலையின் சரித்திரமும் சிறியதன்று. தேயிலை அருகிலுள்ள எந்த வாசனையையும் எளிதில் உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. சவர்க்காரத்தோடு தேயிலையை ஒரே அலுமாரியில் வைத்த வீட்டார் இதனை நன்கறிவர். இவ்வியல்பைச் சீனர் கலையாக வளர்த்தனர். மாலையில் மலரும் மல்லிகை அரும்பைத் தேயிலையோடு சேர்த்து இரவு முழுவதும் வைத்து, மணம் ஏறியபின் மலரை நீக்கிவிடுவர். உயர்ந்த வகைக்கு இதனைப் பலமுறை செய்வர். இது ஏமாற்றன்று, பொறுமையும் திறமையும் வேண்டும் தொழில். நம் வீடுகளிலே இஞ்சியைத் தட்டிப் போடுவதும், ஏலக்காய் சேர்ப்பதும் இதே வழியில் வந்தனவே. ஆகவே மணம் சேர்ப்பதனாலேயே ஒரு தேயிலை இழிந்தது என்று கூறுவது நியாயமாகாது.

ஆனால் மேல்நாட்டில் இவ்வழக்கம் வேறு விதமாகத் தொடங்கியது. இன்று ஏர்ல் கிரே என்ற பெயரில் உலகெங்கும் விற்கப்படும் தேயிலைக்குப் பெர்கமட் என்னும் நாரத்தை இனப்பழத்தின் எண்ணெயால் மணமூட்டப்படுகிறது. 1830 முதல் 1834 வரை பிரித்தானியப் பிரதம மந்திரியாக இருந்த கிரே பிரபுவின் பெயரை அது தாங்கியிருக்கிறது. அதுபற்றி வழங்கும் கதைகள் பலவற்றுக்கு ஆதாரமில்லை. ஆனால் 1837 ஆம் ஆண்டில் லண்டனிலே ஒரு வணிக நிறுவனம், பெர்கமட் எண்ணெயால் செயற்கையாக மணமூட்டிய தேயிலையை விற்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. தாழ்ந்த சரக்கை உயர்ந்ததாகக் காட்ட மணம் பயன்பட்ட காலம் அது. அன்று குற்றமாகக் கருதப்பட்டது, பெயரை வெளிப்படையாகச் சூடிக்கொண்ட பின் நாகரிகமாயிற்று. இரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஒன்றுதான். முன்னையது மறைத்தது, பின்னையது சொல்லி விற்றது.

லிப்டனின் முன்னோர் பிறந்த அயர்லாந்திலும் இதையொத்த ஒரு வழக்கு உண்டு. அந்நாட்டு விஸ்கி என்னும் மதுவை உதாரணத்துக்காக மட்டும் இங்கே கூறுவோம். தானியத்திலிருந்து வடித்த சாராயத்தை மரப்பீப்பாவில் குறைந்தது மூன்று ஆண்டுகள் அந்நாட்டிலேயே வைத்திருந்தாலன்றி அதற்கு ஐரிஷ் விஸ்கி என்ற பெயர் கிடையாது என்பது சட்டம். பன்னிரண்டு ஆண்டு என்று சீசாவில் எழுதினால், அதனுள்ளே உள்ள மிக இளைய துளிக்கும் பன்னிரண்டு ஆண்டு நிறைந்திருக்கவேண்டும். தேனோ, பழச்சாறோ, வாசனையோ சேர்த்தால், ஐரோப்பியச் சட்டப்படி அது வெறுமனே விஸ்கி என்ற பெயரைத் தாங்க இயலாது. வேறு வகைப் பானமாகவே விற்கப்படவேண்டும். இனிப்பான வாசனைப் பானத்தை விரும்புவோர் அதனை வாங்கலாம், தடையில்லை. ஆயினும் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்து பெற்ற பெயரை, அரைநாளில் சேர்த்த வாசனை எடுத்துக்கொள்ள விடக்கூடாது என்பதே அச்சட்டத்தின் கருத்து.

தேயிலைக்கும் மதுவுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மது காத்திருந்து உயர்கிறது. தேயிலை காத்திருந்தாற் கெடுகிறது. பீப்பாவுக்குக் காலம் நண்பன். தேயிலைப் பெட்டிக்குக் காலம் பகைவன். ஆயினும் ஊவாவிலும் ஒரு காத்திருத்தல் இருக்கிறது. அது பறித்த பின் வருவதன்று. பறிக்கும் முன் வருவது. ஆண்டில் பத்து மாதம் காத்திருந்து, ஆடிக் காற்றுக்கு முகங்கொடுத்து, மழை பெய்துவிடுமோ என்று வானத்தைப் பார்த்து நிற்கும் காத்திருத்தல் அது. நூறாண்டு கடந்த பழைய விதைத் தேயிலைச் செடிகள் ஊவாவின் மலைகளில் இன்னும் நிற்கின்றன. அவற்றின் முதுமை பொட்டலத்தில் எழுதப்படுவதில்லை.

இந்த நாட்டின் வருவாயை எண்ணிப் பார்க்கும்போது வினா மேலும் கடினமாகிறது. 2013 ஆம் ஆண்டில் இலங்கையின் தேயிலை உற்பத்தி ஏறக்குறைய 34 கோடி கிலோவாக இருந்தது. 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அத்தடை அதே ஆண்டின் இறுதிக்குள் நீக்கப்பட்ட போதிலும், 2022 ஆம் ஆண்டில் உற்பத்தி ஏறக்குறைய 25 கோடி கிலோவாகக் குறைந்தது. அளவிலே போட்டியிட்டுக் கென்யாவை வெல்வது இலகுவன்று. எனவே ஒவ்வொரு கிலோவுக்கும் கூடிய விலை பெறுவதே வழி என்பதில் யாவரும் உடன்படுகின்றனர். அந்த வழி எது என்பதிலேதான் கருத்து வேறுபாடு.

ஒரு சாரார் கூறுவது இது: உலகம் மாறிவிட்டது, இளையோர் வாசனை கலந்த தேயிலையை விரும்புகின்றனர். வெறுந்தேயிலையை மூட்டையாக அனுப்புவதைவிட, மணமூட்டி அழகிய பெட்டியில் அடைத்து அனுப்பினால் இலாபம் அதிகம். அடைக்கும் வேலையும் நம் நாட்டவருக்கே கிடைக்கும். வேற்று நாட்டுத் தேயிலையையும் தாராளமாக இறக்குமதி செய்து, கலந்து, கொழும்பை உலகத் தேயிலைச் சந்தையாக்க வேண்டும். மற்றொரு சாரார் கூறுவது வேறு: வாசனையை எந்த நாட்டாரும் எந்தத் தேயிலையிலும் சேர்க்கலாம், அதற்கு இலங்கை வேண்டியதில்லை. உண்மையில் மணமூட்டுவதற்கு ஏற்றது தனக்கெனத் தனிமணம் மிகாத தேயிலையே. அவ்வாறாயின் எவராலும் பின்பற்ற முடியாத நம் மண்ணின் மணத்தைக் கைவிட்டு, எவராலும் செய்யக்கூடிய தொழிலை நம்புவது அறிவுடைமையா? கலவையின் பெருக்கத்தில் சிலோன் தேயிலை என்ற பெயரே பொருளற்றதாகிவிடாதா?

இவ்விரண்டாவது கருத்துக்கு ஆதரவாகச் சில ஏற்பாடுகள் செய்யப்பட்டுள்ளன. முழுவதும் இலங்கையில் விளைந்து இலங்கையிலேயே பொதிசெய்யப்பட்ட தேயிலைக்கே தேயிலைச் சபையின் சிங்க முத்திரை உரியது. ஊவா, நுவரெலியா, திம்புள்ளை, உடபுசல்லாவை, கண்டி, சப்பிரகமுவ, உறுகுணை என ஏழு பிரதேசங்களுக்கும் தனித்தனி அடையாள முத்திரைகள் வகுக்கப்பட்டுள்ளன. மெரில் பெர்னாந்து அவர்கள் 1980 களில் தொடங்கிய தில்மா நிறுவனம், இலங்கைத் தேயிலையை இலங்கைப் பெயராலேயே வெளிநாட்டுக் கடைகளில் விற்கமுடியும் என்று காட்டியது. அதே நிறுவனம் மணமூட்டிய தேயிலைகளையும் விற்று வருவது கவனிக்கத்தக்கது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் வாழலாம். ஒன்று மற்றொன்றின் ஆடையை உடுத்தலாகாது.

இவ்வளவு பேச்சிலும் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறவர் ஒருவர் இருக்கிறார். அவர் கொழுந்து பறிக்கும் பெண். காற்றுக்காலத்தில் ஏலவிலை உயர்கிறது என்று கொழும்பில் மகிழ்ச்சி பிறக்கும்போது, மலையிலே கொழுந்து அருகிப் போகிறது. மழைக்காலத்தில் ஒரு நிரையில் கிடைக்கும் கொழுந்துக்குக் காற்றுக்காலத்தில் பல நிரைகள் ஏறி இறங்கவேண்டும். நாளுக்கு இத்தனை கிலோ என்று விதித்த நிறை குறைந்தால் முழுப் பேர் கிடைக்காது. அரைப் பேர்தான் என்ற நிலை தோட்டத்து மக்கள் நன்கறிந்தது. ஆகவே தேயிலைக்கு மிக உயர்ந்த மதிப்புக் கிடைக்கும் வாரங்களே பறிப்பவருக்கு மிகக் கடினமான வாரங்களாகின்றன. விலையை ஏற்றும் அந்த அருமையே கூடையை இலேசாக்குகிறது. அவர் பறித்த உயர்ந்த தேயிலை யப்பானுக்குச் செல்கிறது. லயத்திலே அவருடைய கோப்பையில் இருப்பது பெரும்பாலும் தாழ்ந்த தரத் தூளில் ஊற்றிய சாயத்தண்ணியே.

பெயரைக் காக்கவேண்டும் என்று பேசும் நாடு, அப்பெயரைத் தேடித் தந்த மக்களின் பெயரை நெடுங்காலம் தன் பதிவேட்டில் எழுதவில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அப்புத்தளை, பண்டாரவளைப் புகையிரத நிலையங்களில் குடும்பங்கள் பிரிந்து கண்ணீர் வடித்த காலம் அது. எஞ்சியவரின் பிரசாவுரிமைப் பிரச்சினை 2003 ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் தீர்வை எட்டியது. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆந் திகதி கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, தேயிலை மலையின் அழகுக்குக் கீழே மக்கள் எவ்வகை வீடுகளில் வாழ்கின்றனர் என்பதை நாடு அறிந்தது. நாட்கூலி 1,000 ரூபாவாக வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்தின் பின்னரே 2021 ஆம் ஆண்டில் நிறைவேறியது.

ஆகவே, காற்று தந்த மணமா, கை சேர்த்த மணமா என்ற வினாவுக்கு விடை கூறும்போது மூன்று செய்திகளை மனத்திற் கொள்ளவேண்டும். முதலாவது, இரண்டும் ஒரே பொருளல்ல. மணமூட்டிய தேயிலை என்றும் ஒரே சுவை தரும்; விருந்தினருக்கும் குழந்தைகளுக்கும் உகந்ததாக இருக்கலாம்; அதனைப் பழிப்பதற்குக் காரணமில்லை. ஊவாத் தேயிலை ஆண்டுக்கு ஆண்டு மாறும், மழை பெய்தால் மங்கும், காற்றடித்தால் ஓங்கும். நிலையான சுவையை விரும்புவோர் முன்னதையும், ஒரு மலையின் ஓராண்டு வாழ்வைச் சுவைக்க விரும்புவோர் பின்னதையும் தெரிந்தெடுப்பர். நல்ல ஊவாத் தேயிலையை வாங்கியவர் அதனோடு இஞ்சியோ ஏலமோ சேர்க்காமல், முதலில் ஒருமுறை வெறுமனே ஊற்றிப் பருகிப் பார்ப்பது அதற்குச் செய்யும் மரியாதையாகும்.

இரண்டாவது, எது எதுவென்று பொட்டலம் சொல்லவேண்டும். தேயிலை விளைந்த மாகாணம், பறித்த காலம், சேர்த்த வாசனை ஆகியவற்றை வாங்குவோர் அறியாவிடில் தெரிவு என்ற சொல்லுக்கே இடமில்லை. மறைத்து விற்கும் மணம் 1837 ஆம் ஆண்டில் குற்றமாக இருந்தது, இன்றும் குற்றமே.

மூன்றாவதே முக்கியமானது. மணமூட்டிய தேயிலையில் கூடிய விலை வாசனைக்கும் பெட்டிக்கும் கொடுக்கப்படுகிறது. அது ஆலைக்கும் அச்சகத்துக்கும் போய்ச் சேரும். காற்றுக்கால ஊவாத் தேயிலையில் கூடிய விலை மலைக்குக் கொடுக்கப்படுகிறது. மலை என்பது மண்ணும் செடியும் மட்டுமன்று. வறண்ட காற்றில் முக்காட்டை இறுக்கிக்கொண்டு, அருகிய கொழுந்தை ஒவ்வொன்றாகத் தேடிக் கிள்ளும் விரல்களும் மலையின் பகுதியே. அவ்விரல்களுக்கு அந்த விலையில் உரிய பங்கு சேருமானால் ஊவாவின் பெயர் தானே நிலைக்கும். அடுத்த தலைமுறையும் மலையேறும். சேராவிடில் இளையோர் நகரத்தை நாடி இறங்கிவிடுவர், இறங்கவும் தொடங்கிவிட்டனர். கச்சான் எந்த ஆண்டும் கூலி கேளாமல் வீசும். அது தரும் மணத்தைக் கூடையிற் சேர்க்க வேண்டியவர் மனிதர்.